வெளிநாட்டில் எம்பிபிஎஸ்: ஜூன் மாதத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நீட் முடிவு வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. சித்தப்பாவின் நண்பர், பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர், என்றோ ரயிலில் பேசிக்கொண்டு வந்தவர் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். "தம்பி, நீங்க வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சவர்தானே, பையனுக்கு ஒரு யோசனை சொல்லணும்" என்று ஆரம்பிப்பார்கள். நான் 2010-ல் ரஷ்யாவில், வோல்கா நதிக்கரை ஊர் ஒன்றில் சேர்ந்து 2016-ல் முடித்தேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய இங்கே வந்து எழுதவேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை மூன்றாவது முறையில்தான் தாண்டினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளிநாட்டில் மெடிக்கல் சீட் கிடைப்பது கஷ்டமா?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்ற இடங்களில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண், நீட் தேர்ச்சி, பாஸ்போர்ட், முதல் தவணைப் பணம், இவ்வளவுதான் வேண்டும். அட்மிஷன் கடிதம் சீக்கிரமே வந்துவிடும். பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனி, சிங்கப்பூர் அப்படி இல்லை. அங்கே தனியாக நுழைவுத் தேர்வோ, மொழித் தேர்வோ, நேர்காணலோ உண்டு.

சேருவது சுலபமாக இருக்கும் இடங்களில் கஷ்டம் கடைசியில் வருகிறது. இந்தியா திரும்பி எழுதும் எஃப்எம்ஜிஇ தேர்வில், கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் எழுதியவர்களில் ஏறக்குறைய 10 முதல் 30 சதவீதம் பேர்தான் தேறியிருக்கிறார்கள். அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பையன் எந்த ஊரில் டாக்டராக வேலை பார்க்கப் போகிறான்?" என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்தால் எந்த நாட்டில் படிப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் இதை யோசித்தே இருப்பதில்லை.

நீட் எழுதாமல் போக முடியாதா?

போகலாம். திரும்பி வந்து இங்கே பிராக்டிஸ் பண்ண முடியாது. 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் பதிவு செய்ய நினைக்கும் இந்தியக் குடிமக்கள் நீட் தகுதி பெற்றிருக்க வேண்டும். இதை எதிர்த்துப் போட்ட வழக்கையும் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டது. "நீட் தேவையில்லை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சேர்க்கைக்கு நீட் முடிவு 3 ஆண்டுகள் செல்லும். போன வருட மதிப்பெண்ணை வைத்து இந்த வருடம் சேரலாம்.

அண்ணா, நான் நீட்டில் 180 மதிப்பெண். போகலாமா, ரிப்பீட் பண்ணலாமா?

தகுதி மதிப்பெண் வருடத்துக்கு வருடம் மாறும். பொதுப் பிரிவுக்கு 2023-ல் 137, 2024-ல் 162, 2025-ல் 144. ஆக, 720-க்கு 180 எடுத்தவர் 'குவாலிஃபைடு'. ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பக் குறைவு. 2024-ல் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி, 13 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். மீதமிருக்கும் 12 லட்சம் வீடுகளுக்குத்தான் ஏஜென்டுகள் போன் போடுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 180 எடுத்தவருக்கு பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியலில் அஸ்திவாரம் ஆடுகிறது என்று பொருள். அதோடு போனால் அங்கே உடற்கூறியலும் உயிர்வேதியியலும் வேற்று நாட்டுக் குளிரில் கழுத்தைப் பிடிக்கும். ஒரு வருடம் உட்கார்ந்து படித்து 450, 500 வரை ஏறினால் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அந்தப் படிப்பு வீணாகாது, ஆறு வருடம் கழித்து எஃப்எம்ஜிஇ-யிலும் கைகொடுக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவராக இருந்தால் நிச்சயம் இன்னொரு முறை எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2020 முதல் உங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதன் கட்-ஆஃப் எவ்வளவு என்று பார்க்காமலே வெளிநாட்டுக்குப் பணம் கட்டிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது, நான்காவது முறை எழுதுவதைப் பற்றிக் கேட்டால், அங்கே நான் தயங்குவேன்.

2021 விதிகள் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 2021 நவம்பர் 18-ல் தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஒழுங்குமுறையை அரசிதழில் வெளியிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த எல்லோருக்கும் இது பொருந்தும்.

படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல், அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப். முழுக்க ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். படித்து முடித்தவருக்கு அந்த நாட்டிலேயே, அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்கக்கூடிய பட்டமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு இந்தியா வந்து தேர்வில் தேறி, இங்கே இன்னொரு 12 மாதம் இன்டர்ன்ஷிப். ஆமாம், ஹவுஸ் சர்ஜன் வேலை இரண்டு முறை.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்கிறேன். படிப்பு முழுவதும் ஒரே கல்லூரியில் நடக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் "முதல் இரண்டு வருஷம் செலவு குறைந்த நாட்டில் படிக்கட்டும், அப்புறம் ஐரோப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கித் தருகிறோம்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். "கடைசி வருட இன்டர்ன்ஷிப்பை இந்தியாவிலேயே செய்துகொள்ளலாம்" என்பதும் அதே ரகம். பயிற்சியின் எந்தப் பகுதியையும் பட்டம் தரும் நாட்டுக்கு வெளியே செய்யக் கூடாது.

பிலிப்பைன்ஸ் விவகாரமும் இங்கேதான் கிளம்பியது. அங்கே முதலில் பி.எஸ். என்ற முன்படிப்பு, பிறகு 4 வருட எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை டாக்டர் பட்டம், நம் ஊர் மேற்படிப்பு இல்லை). நாலு வருடம் என்றால் 48 மாதம். விதி கேட்பது 54. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தாவோ நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நம் ஊர் மாதிரியே வெயில், ஆங்கிலம் பேசும் பேராசிரியர்கள், நம் ஊர் நோய்கள். எல்லாம் பொருந்தியும் மாதக் கணக்கு இடித்தது.

கன்சல்டன்சியில் 'என்எம்சி அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று போர்டு வைத்திருக்கிறார்களே?

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்து ஆணையம் பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. விதிகளை மட்டும் சொல்கிறது. கல்லூரி அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மாணவர் பொறுப்பு. அடுத்து, "உலக மருத்துவக் கல்லூரிகள் கோப்பகத்தில் பெயர் இருக்கிறது" என்பார்கள். இருக்க வேண்டியதுதான், ஆனால் அந்தக் கோப்பகத்தில் இருப்பது தரச் சான்று ஆகாது என்று கோப்பகமே சொல்கிறது. டெலிபோன் டைரக்டரியில் பெயர் இருந்தால் நல்லவர் என்றா அர்த்தம்?

கல்லூரியிடமே மெயில் எழுதிக் கேளுங்கள். மாதக் கணக்கு எவ்வளவு, இன்டர்ன்ஷிப் அதற்குள்ளா வெளியேயா, நாலாம் வருடத்துக்குப் பிறகு வகுப்பு எந்த மொழியில், எந்த மருத்துவமனையில் பயிற்சி. பதில் எழுத்தில் வர வேண்டும். அப்புறம், அங்கே ஐந்தாம் வருடம் படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவனைப் பிடித்து ஏஜென்ட் இல்லாமல் தனியாகப் பேசுங்கள். முதல் வருடப் பையன் போதாது, அவனுக்கு இன்னும் பனி பார்த்த சந்தோஷம் தீர்ந்திருக்காது. ஐந்தாம் வருடத்துக்காரன் உண்மையைச் சொல்வான்.

ரஷ்யாவா, ஜார்ஜியாவா?

இரண்டும் 6 வருடப் படிப்புதான். ரஷ்யாவில் பழைய, பெரிய அரசு மருத்துவப் பல்கலைக்கழகங்கள் நிறைய. மருத்துவமனைகளில் நோயாளிகளும் நிறைய. இடிப்பது மொழி. சில பல்கலைக்கழகங்களில் மூன்றாம் வருடம் வரை ஆங்கிலம், பிறகு ரஷ்ய மொழி. புதிய விதிப்படி இது வினையாகலாம், எனவே 'முழுவதும் ஆங்கிலம்' என்பதைக் காகிதத்தில் வாங்குங்கள். ஜார்ஜியாவில் ஆங்கில வழி பரவலாக இருக்கிறது. ஆனால் நாடு சிறியது. தமிழ்நாட்டின் ஒரு பெரிய மாவட்டத்து மக்கள்தொகைதான் மொத்த நாட்டுக்கும். அங்கே வந்து குவியும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் போதுமான நோயாளிகள் கண்ணில் படுவார்களா என்று விசாரியுங்கள்.

சீனா?

அங்கே போனவர்களுக்கு 2020 முதல் 2022 வரை எல்லை மூடிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் லேப்டாப்பில் மருத்துவம் படித்தார்கள். ஆன்லைனிலேயே முடித்த படிப்பை ஏற்கமாட்டோம் என்று ஆணையம் எச்சரித்தது. அங்கே உரிமத் தேர்வு சீன மொழியில் நடக்கும். 'படித்த நாட்டில் உரிமம்' என்ற விதியை அதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நல்ல மதிப்பெண் இருக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலிக்கு முயலலாமா?

முயலலாம். ஆனால் அந்த ஊரிலேயே டாக்டராகத் தங்குவதாக இருந்தால் மட்டும்.

பிரிட்டனுக்கு, பிளஸ் டூ தொடங்கும்போதே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. அதாவது அடுத்த ஆண்டு செப்டம்பரில் சேர, முந்தைய அக்டோபருக்குள். நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் போடலாம். கோடையில் யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு. முன்பு சில கல்லூரிகள் கேட்ட பிமேட் தேர்வு 2023-உடன் முடிந்துவிட்டது, பழைய வீடியோக்களைப் பார்த்து அதற்குப் படிக்காதீர்கள். பிறகு நேர்காணல், பெரும்பாலும் ஏழெட்டு மேசையில் ஏழெட்டுப் பேர் மாறி மாறிக் கேட்கும் வகை. "நோயாளி உங்களிடம் பொய் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். மனப்பாடம் செல்லாது. இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மொத்த இடங்களில் 7.5 சதவீதம் என்று உச்சவரம்பு. கட்டணத்தைக் கேட்டால் நம் ஊர் மேனேஜ்மென்ட் கோட்டா மலிவாகத் தெரியும்.

இத்தாலி பலருக்குத் தெரியாத வழி. பாவியா, மிலான், போலோன்யா, ரோம், பாதுவா போன்ற ஊர்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி மருத்துவம் இருக்கிறது, 6 வருடம். நுழைவுத் தேர்வின் பெயர் ஐமேட். 60 கேள்வி, 100 நிமிடம், சரி விடைக்கு 1.5, தவறுக்கு 0.4 குறையும், மொத்தம் 90. உயிரியல் 23 கேள்வி, வேதியியல் 15, இயற்பியலும் கணிதமும் சேர்த்து 13, மீதி தர்க்கமும் பொது அறிவும். நீட்டுக்கு ஒழுங்காகப் படித்தவருக்குப் பாடத்திட்டம் புதிதல்ல. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும், மாகாண உதவித்தொகையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனி இடங்கள், எண்ணிக்கை குறைவு. கவனிக்க வேண்டியது, அங்கே செய்முறைப் பயிற்சி 6 வருடத்துக்குள்ளேயே வருகிறது. நம் விதி கேட்கும் தனி 12 மாத இன்டர்ன்ஷிப் அதில் இல்லை. அதனால்தான் திரும்பி வர நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணமே கிடையாது. உடனே எல்லோர் முகமும் மலரும். ஆனால் பாடம் ஜெர்மன் மொழியில், அதில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி வேண்டும். நம் பிளஸ் டூ நேரடியாகச் செல்லாது; ஸ்டூடியன்கொல்லெக் என்ற முன்படிப்பில் மருத்துவப் பிரிவில் ஒரு வருடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகும் வெளிநாட்டவருக்கான சொற்ப இடங்களுக்குப் போட்டி. படிப்பு மட்டும் 6 வருடம் 3 மாதம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கு கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும் (2024 செப்டம்பர் கணக்கு). ஜெர்மன் வழியில் படித்தவருக்கு நம் 'ஆங்கில வழி' விதி இடிக்கும். பத்தாம் வகுப்பிலேயே ஜெர்மன் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு இது அருமையான வழி. மற்றவர்களுக்கு யூடியூப் கனவு.

அமெரிக்கா?

அங்கே பிளஸ் டூ முடித்து நேராக மருத்துவம் கிடையாது. முதலில் 4 வருடப் பட்டம், பிறகு எம்கேட் தேர்வு, பிறகு 4 வருட எம்.டி. வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத கல்லூரிகளே அதிகம்.

ஆங்கில வழி என்றால் அந்த ஊர் மொழி வேண்டாம்தானே?

புத்தகத்துக்கு வேண்டாம், நோயாளிக்கு வேண்டும். மூன்றாம் வருடம் என்னை ஒரு பாட்டியின் படுக்கை அருகே நிறுத்தினார்கள். "க்தே பலீத்?" என்று கேட்டேன், எங்கே வலிக்கிறது என்று. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கேள்விதான். பாட்டி பத்து நிமிடம் பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து எழுதினேன். அவனும் யாரையோ பார்த்துத்தான் எழுதியிருந்தான். முதல் வருடத்திலேயே மொழி வகுப்பை ஒழுங்காகப் படித்தவர்கள்தான் கடைசியில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கற்றார்கள். நான் நான்காம் வருடத்தில்தான் திருந்தினேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஜார்ஜியாவில் கட்டணம் வருடத்துக்கு சுமார் 4,000 முதல் 8,000 டாலர் வரை. ரஷ்யாவில் ஊரையும் கல்லூரியையும் பொறுத்து அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். விடுதி, சாப்பாடு, விசா நீட்டிப்பு, காப்பீடு, விமான டிக்கெட், கடைசியில் எஃப்எம்ஜிஇ கோச்சிங் எல்லாம் தனி. ஏஜென்ட் தரும் 'பேக்கேஜ்' தாளில் இவற்றில் பாதி இருக்காது.

யாரும் கணக்கில் எடுக்காதது நாணய மாற்று. நான் சேர்ந்த 2010-ல் டாலர் ஏறக்குறைய 45 ரூபாய். முடித்த 2016-ல் 67. கட்டணத்தை டாலரில் பேசிய என் நண்பர்களின் அப்பாக்கள் நிலத்தை விற்றார்கள். ரூபிளில் பேசியிருந்த எங்களுக்கோ அதிர்ஷ்டம். 2014 கடைசியில் ரூபிள் விழுந்தது. 1 ரூபாய் 70 பைசாவாக இருந்த ரூபிள், 2016 தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கும் கீழே போனது. அந்தந்த ஊர் நாணயத்தில் கட்டணம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கி டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை.

போர் வந்தால்?

2022 பிப்ரவரியில் உக்ரைனில் ஏறக்குறைய 20,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். மத்திய அரசு 'ஆபரேஷன் கங்கா' என்று விமானம் விட்டு அழைத்து வந்தது. வந்த பிறகு இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், சேர்க்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், வேறு நாட்டுக் கல்லூரியில் தொடர்ந்து படித்து உக்ரைன் பட்டமே வாங்கிக்கொள்ளலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். விதி அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ரஷ்யாவில் 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு கார்டு நிறுவனங்களும் சேவையை நிறுத்தின. வீட்டிலிருந்து பணம் வாங்கப் பிள்ளைகள் பட்ட பாடு பெரிய கதை. எந்த நாடாக இருந்தாலும் மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்திருங்கள்.

எஃப்எம்ஜிஇ அவ்வளவு கஷ்டமா?

300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி, தவறுக்கு மதிப்பெண் குறையாது, வருடத்துக்கு இரண்டு முறை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வருட உடற்கூறியலிலிருந்து கடைசி வருட மகப்பேறு வரை 19 பாடங்களையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். நான் முதல் முறை 131, இரண்டாம் முறை 144. அந்த ஆறு மதிப்பெண்ணுக்காக இன்னும் ஆறு மாதம். உறவுக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "இப்ப எந்த ஆஸ்பத்திரிப்பா?" என்று கேட்பார்களே.

இரண்டாம் வருடத்திலிருந்தே இந்திய ஆசிரியர்களின் பாடப் புத்தகங்களையும் கேள்வித் தொகுப்புகளையும் கூடவே படிப்பவர்கள் முதல் முறையிலேயே தேறுகிறார்கள். காசநோய், டெங்கு, பாம்புக்கடி, தேசியத் தடுப்பூசி அட்டவணை எல்லாம் அங்கே வகுப்பில் பெரிதாக வராது. இங்கே நிச்சயம் கேட்பார்கள்.

சான்றிதழ்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

இனிஷியலை. சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்', நீட் அட்டையில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். மூன்றும் ஒருவன்தான் என்று வெளிநாட்டு அலுவலகத்தில் யாருக்கும் விளங்காது. அங்கே தரும் பட்டத்தில் நான்காவதாக ஒரு பெயர் வரும். திரும்பி வந்து தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது நோட்டரி, பிரமாணப் பத்திரம், மெடிக்கல் கவுன்சில் என்று அலைய வேண்டும். பிளஸ் ஒன்னிலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அபோஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் உறுதி) வாங்க நேரம் பிடிக்கும், ஜூலையில் ஓடாதீர்கள். அசலை எந்தக் கன்சல்டன்சியிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் இலங்கை மாணவி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

நீட்டும் எஃப்எம்ஜிஇ-யும் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு இலங்கை மருத்துவ சபையும், திரும்பி வந்து டாக்டராகப் பதிவு செய்ய எழுதும் ஈஆர்பிஎம் பரீட்சையும். போகும் முன்பே, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்கிறதா, உங்கள் உயர்தர உயிரியல் பிரிவுப் பெறுபேறு சபையின் குறைந்தபட்சத் தகைமைக்குப் போதுமா என்ற இரண்டையும் சபையிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். மொழி, பணம், போர் பற்றி மேலே சொன்னவை உங்களுக்கும்தான்.

தம்பி, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?

அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். இந்திய மாணவர்கள் இருக்கும் ஊரில் எல்லாம் இந்திய மெஸ் இருக்கும். தினமும் ஒரே பருப்பு, பெரும்பாலும் வடக்கத்திச் சமையல். ஒரு மாதத்தில் அலுத்துவிடும். மூன்று லிட்டர் குக்கர், சாம்பார்ப் பொடி, புளி, கொஞ்சம் பெருங்காயம் கொடுத்து அனுப்புங்கள். அரிசி எங்கும் கிடைக்கும். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் இப்போதே ஜூலை, ஆகஸ்டில் பழக்கிவிடுங்கள். குக்கருக்கு ஸ்பேர் கேஸ்கட் இரண்டு போடுங்கள், அது அங்கே கிடைக்காது.